காலுக்குச் சீட்டு எழுதுவது யார்?

(மூவாரில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் முடியும் தறுவாயில், பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். மணி பத்தைத் தாண்டிவிட்டபடியால் தலைவர் அவர்கள் அன்று அதற்கு விரிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. "அடுத்த கூட்டத்தில் டிரஸர் ஐயா வந்து சொல்லுவார்" என்று என் தலையில் அந்தப் பொறுப்பைக் கட்டிவிட்டார். கேள்வி இதுதான்:

"ஐயா, என் தம்பிக்கு மோட்டார் சைக்கிள் விபத்தில் முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. சொக்சோவில் கால் கொடுக்கிறார்கள் என்கிறார்கள். அதற்குச் சீட்டு எழுதித் தரவேண்டியது யார்? கிளினிக் டாக்டரா, பெரிய ஆஸ்பத்திரி டாக்டரா, பயிற்சி கொடுக்கும் அம்மாவா, கால் செய்து விற்கிற கம்பெனிக்காரரா? ஒவ்வொரு இடத்துக்குப் போனாலும் இன்னொரு இடத்தைக் கை காட்டுகிறார்கள். மூன்று மாதமாகத் தம்பி லயத்து வாசலில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறான்."

தோழர்களே, கேள்வி ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு குடும்பத்தின் சோறு அடங்கியிருக்கிறது. கால் கிடைத்தால் அந்தத் தம்பி எழுந்து நடப்பார். ஏதாவது ஒரு வேலைக்குப் போவார். கால் கிடைக்கத் தாமதமானால் உடம்பு பெருக்கும், மனம் குன்றும், வீட்டில் அடுப்பு அணையும். ஆகவே இதை ஏதோ காரியாலயத்துக் காகிதச் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைக்கு அவர் தம்பி. நாளைக்கு நம்மில் யாரோ!

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். சட்டம் வரம் கொடுத்திருக்கிறது. பூசாரி யார் என்று தெரியாமல்தான் நம் மக்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அதைத் தெரிந்து கொள்வதற்கே இந்தப் பேச்சு.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லி விடுகிறேன்.

நான் 1975ஆம் ஆண்டில் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்காலத்தில் தோட்டத்திலே டாக்டர் என்பவர் குறித்த நாளில் காரில் வந்து போகிறவர். மற்ற நாட்களில் காய்ச்சலா, பிரசவமா, கத்தி வெட்டா, பாம்புக் கடியா, எல்லாம் டிரஸரிடம்தான். விடியற்காலையில் பெரட்டுக்கு வருகிறவர்களில் காய்ச்சலில் நடுங்குகிறவருக்கு ஓய்வுச் சீட்டு எழுதிக் கொடுப்பதும் டிரஸர்தான். அந்தச் சீட்டு இருந்தால் மண்டோர் வாய் திறக்கமாட்டார். இல்லையென்றால் அன்றைய பேர் போய்விடும். அதனால் "டிரஸர் ஐயா எழுதினால் போதும்" என்ற எண்ணம் நம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் இன்றும் போகவில்லை. இன்றைக்கும் யாராவது ஒருவர் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, ஒரு கடுதாசி எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கிறார். நான் எழுதினால் அந்தக் கடுதாசிக்கு மதிப்பு அன்புக்கு உண்டு, சட்டத்துக்கு இல்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு என்று 1965ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் அது. பதிவு பெற்றவர் தோட்டத்திலே சிகிச்சை பார்க்கலாம் என்று வரையறுத்தது. ஆனால் வைத்தியரின் இடத்தை எங்களுக்கு அது கொடுத்துவிடவில்லை. அது நியாயம்தானா என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நஷ்ட ஈட்டுக் கதை வேறு. 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் கீழ், வேலையில் கை போனால் இத்தனை பங்கு, கால் போனால் இத்தனை பங்கு என்று ஓர் அட்டவணை இருந்தது. கணக்குப் போட்டு ஒரு தொகையைக் கொடுப்பார்கள். அதோடு சரி. தொகை கல்யாணக் கடனுக்குப் போகும், கடைக்கணக்குக்குப் போகும். கால் போனவர் மரக்கட்டையை ஊன்றிக் கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்திருப்பார். அவரை மீண்டும் நடக்க வைக்க வேண்டும் என்ற நினைப்பு அந்த ஏற்பாட்டில் இல்லை.

அந்த நினைப்பு நம் நாட்டில் சட்டமாக வந்தது 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில். அதை நடத்துவதற்கு 1971ல் ஏற்பட்ட ஸ்தாபனத்தைத்தான் நாம் சொக்சோ என்றும், பெர்கெசோ என்றும் சொல்கிறோம். மாதா மாதம் நம் சம்பளத்தில் ஒரு சிறு பங்கும், முதலாளியிடமிருந்து அதைவிடப் பெரிய பங்கும் அங்கே போய்ச் சேருகின்றன. ஆகவே சொக்சோ கொடுப்பது தர்மம் அல்ல, தோழர்களே! நாம் பிடித்தம் கொடுத்துச் சேர்த்த பணம். கேட்கிறவர் கை நீட்டிக் கேட்க வேண்டியதில்லை. நிமிர்ந்து நின்று கேட்கலாம்.

வேலையில் விபத்து ஏற்பட்டாலும், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து ஏற்பட்டாலும், வேலையினால் நோய் வந்தாலும், அதற்கு வேலை விபத்துத் திட்டம் இருக்கிறது. வேறு காரணத்தால் உடல் செயலிழந்து, சாதாரணத் தொழிலாளி சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை வந்தால், போதிய மாதங்கள் சந்தா கட்டியிருப்பவருக்கு இயலாமைத் திட்டம் இருக்கிறது. இந்த இரண்டின் கீழும் பணம் மட்டும் இல்லை. உடலை மீட்டெடுக்கும் வசதியும் உண்டு. செயற்கைக் கால், செயற்கைக் கை, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காது கேட்கும் கருவி, தனியாகத் தைத்த காலணி ஆகியவையும், பிசியோதெரபிப் பயிற்சியும் அதில் அடக்கம். இதைப் பல பேர் அறியவில்லை. மாதப் பணம் வந்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

2019ஆம் ஆண்டு ஜனவரி முதல், நம்மோடு காட்டில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களும் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இந்தோனேசியரோ வங்காளதேசத்தவரோ நேப்பாளியோ, அவர்கள் கால் போனாலும் கால்தான். பாஷை தெரியாத அவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

நிற்க. இப்போது கேள்விக்கு வருவோம். சீட்டு எழுதுவது யார்?

ஒரு செயற்கைக் கால் நம் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் நான்கு பேர் கை அதில் படுகிறது. முதலாமவர் டாக்டர். இவருக்குக் கால் தேவை, புண் ஆறிவிட்டது, கால் வைத்து நடக்க இதயமும் இரத்தமும் இடம் கொடுக்கும் என்று தீர்ப்புச் சொல்லிச் சிபாரிசு எழுதுகிறவர் அவர். இரண்டாமவர் பிசியோதெரபிஸ்ட் போன்ற பயிற்சியாளர். தசை பலம் வந்ததா, எந்த வகை சாமான் இவர் வாழ்க்கைக்கு ஒத்துவரும் என்று பார்க்கிறவர். மூன்றாமவர் மிச்சக் காலுக்கு மாவு அச்சு எடுத்து, கிண்ணம் வடித்து, பாதம் பொருத்துகிற கைவினைஞர். நான்காமவர் பணத்துக்கு அனுமதி கொடுக்கும் ஸ்தாபனம்.

இந்த நான்கு பேரில், சொக்சோவின் கணக்கில் சீட்டு என்று ஏற்கப்படுவது டாக்டரின் சிபாரிசுதான். அதிலும் கால், கை போன்ற பெரிய சாமானுக்கு, சிகிச்சை செய்த ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு நிபுணரோ மறுவாழ்வு நிபுணரோ எழுதுவதே வழி. மூவார்ப் பக்கத்துத் தோழர்களுக்கு அது பெரும்பாலும் சுல்தானா ஃபாத்திமா நிபுணத்துவ ஆஸ்பத்திரி. பக்கத்துக் கிளினிக் டாக்டர் காயத்துக்கு மருந்து போடலாம், ஓய்வுச் சீட்டு தரலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தரலாம். காலுக்கான சிபாரிசு என்று வரும்போது நிபுணரிடம் அனுப்புவார். பயிற்சி கொடுக்கும் அம்மா அறிக்கை எழுதலாம். அது டாக்டரின் சிபாரிசுக்குப் பலம் சேர்க்கும், ஆனால் தனியாக நின்று கதவைத் திறக்காது. கம்பெனிக்காரர் விலைப்பட்டியல் கொடுக்கலாம். சீட்டு எழுத முடியாது. தோழரே, உங்கள் தம்பி மூன்று மாதம் சுற்றியதற்குக் காரணம், நாலாவது ஆளிடமிருந்து முதலாவது ஆளுக்குப் பின்னோக்கி நடந்ததுதான்.

சொக்சோவுக்கு வெளியே இருக்கிறவர்கள் கதி என்ன என்று கேட்பீர்கள். நம் வீட்டுப் பெரியவர்களில் பல பேருக்கு இனிப்புநீர். 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில், இந்நாட்டில் வயது வந்தவர்களில் 100க்கு 18 பேருக்கு இந்த நோய் இருந்தது. விபத்தில் கால் இழப்பவர் ஒருபுறம் இருக்க, விரலில் புண்ணாக ஆரம்பித்துக் கால் இழப்பவர் மறுபுறம். ஓய்வு பெற்ற பின் கால் போனால் சொக்சோ கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். அவர்களுக்குச் சமூக நலத்துறையில் செயற்கை உறுப்புக்கும் துணைக் கருவிக்கும் உதவி உண்டு. 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டப்படி பதிவு செய்து கொள்ள வேண்டும். அந்தப் பதிவுக்கும் டாக்டர் சான்று வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2019ல் அரசாங்கம் தொடங்கிய பெக்கா பி40 என்ற திட்டமும் இருக்கிறது. அதில் மருத்துவச் சாமான்களுக்கு ஒருவருக்கு வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. அதற்கு நாமாக மனு எழுதிக் கொண்டு போக முடியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் நமக்குச் சிகிச்சை செய்கிற டாக்டர் மூலமாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். ஆக, எந்தக் கதவானாலும் சாவி டாக்டரின் பேனாதான்.

"ஏன் அப்படி? எங்களோடு இருக்கிறவர், எங்கள் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்தவர் எழுதினால் ஆகாதா?" என்று கேட்கத் தோன்றும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்ததால் ஒரு பிழை செய்தேன். அதை இந்தச் சபையில் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர் ஒருவர். ஐம்பது வயது இருக்கும். இனிப்புநீர் உண்டு. ஒரு கால் கணுக்காலுக்கு மேலே எடுக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் "இரண்டு மாதம் கழித்து வாருங்கள், கால் பற்றிப் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். "பந்தலில் நான் நின்று வரவேற்க வேண்டாமா, டிரஸர் ஐயா?" என்று என் கையைப் பிடித்துக் கொண்டார். எனக்கு மனம் இளகிவிட்டது. பட்டணத்தில் ஒரு கடையில் தயாராக இருந்த கால் ஒன்றை வாங்கிக்கொள்ளும்படி நானே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். புண் ஆறிவிட்டது என்று என் கண்ணுக்குத் தோன்றியது.

கல்யாணத்தன்று அவர் நின்றார். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். மூன்றாம் வாரம், கிண்ணம் உரசிய இடத்தில் தோல் கிழிந்து புண்ணாகிவிட்டது. இனிப்புநீர்க்காரருக்கு அந்த இடத்தில் வலி தெரியவில்லை. ஆதலால் அவர் என்னிடம் வரவும் இல்லை. வந்தபோது சீழ் வைத்துவிட்டது. முழங்காலுக்கு மேலே மறுபடியும் வெட்டினார்கள். முழங்கால் இருப்பவருக்குச் செயற்கைக் கால் பழகுவது ஒரு மடங்கு கஷ்டம் என்றால், முழங்கால் போனவருக்குப் பன்மடங்கு. அவர் அதன் பிறகு நடக்கவில்லை. என்னை ஒரு நாளும் குறை சொல்லவும் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் பாரம்.

கால் எடுத்த இடம் முதல் சில மாதங்களில் சுருங்கும், வீக்கம் வற்றும், உருவம் மாறும். அது நிலைப்படுவதற்கு முன் இறுகப் பொருத்தினால் ஆபத்து என்பது எனக்கு அன்று முழுவதும் தெரியாது. எனக்கு இரக்கம் இருந்தது, அறிவு போதவில்லை. ஆகவே, கையெழுத்துப் போடும் உரிமையை எல்லாருக்கும் வாரி இறைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் முதியவர்களுக்காக 1965ல் மெடிகேர் என்ற அரசாங்க வைத்தியக் காப்புறுதி ஏற்பட்டது. டாக்டர் எழுதினால் சக்கர நாற்காலிக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். என்ன நடந்தது பாருங்கள்! சில வியாபாரிகள் சில டாக்டர்களைக் கையில் போட்டுக் கொண்டு, நன்றாக நடக்கிறவர்கள் பேரிலெல்லாம் மின்சார நாற்காலிக்குச் சீட்டு எழுதிப் பணம் பறித்தார்கள். சில நாற்காலிகள் போய்ச் சேரவே இல்லை. டெக்சஸ் மாநிலத்து ஹியூஸ்டன் வட்டாரத்தில் இந்த மோசடி தலைவிரித்து ஆடியதால், 2003ல் அரசாங்கம் தனி நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. நோயாளியை நேரில் பார்த்த பிறகே சாமானுக்கு எழுத வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டாயம் ஆக்கினார்கள். விற்கிறவனே சீட்டும் எழுதினால் கள்ளுக்கடைக்காரன் மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவரான கதைதான்! பொதுப்பணம் என்பது உங்கள் சந்தாப் பணம். அதற்குக் காவல் வேண்டும்.

ஆனால் தோழர்களே, நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் வந்ததும், கிராமப்புறங்களில் மேற்பயிற்சி பெற்ற தாதிகள்தான் நோயாளியைப் பார்த்து வந்தார்கள். அவர்கள் நேரில் பார்க்கலாம். ஆனால் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு டாக்டர் கையெழுத்திட வேண்டும் என்றது விதி. நோயாளியைக் கண்டறியாத டாக்டரின் கையெழுத்துக்காக நோயாளி காத்துக் கிடந்தார். அது அர்த்தமற்றது என்று கண்டு, 2015ல் மேற்பயிற்சித் தாதிகளே அதை எழுதிக் கொள்ளலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். இங்கிலாந்தில் அரசாங்கச் சக்கர நாற்காலி கேட்டால், அளந்து பார்த்து இன்ன நாற்காலி என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட்தான். பயிற்சி உள்ளவருக்கு, அவர் பயிற்சி எட்டும் எல்லை வரை, உரிமை கொடுப்பதில் தவறில்லை என்பதை அந்த நாடுகள் கண்டுகொண்டன.

டாக்டர் ஒருவரே எல்லாம் அறிந்தவர் என்பதும் சரியல்ல. இதற்கு நம் ரப்பரே சாட்சி. இந்தியாவில் ஜெய்ப்பூர் நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. கே. சேத்தி என்ற எலும்பு நிபுணர் இருந்தார். வெளிநாட்டுச் செயற்கைக் கால் அங்கே வந்தது. அதற்குப் பூட்ஸ் போட வேண்டும். சம்மணம் போட முடியாது, குந்த முடியாது, சேற்றில் இறங்க முடியாது. விவசாயிகள் அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டார்கள். அதே ஆஸ்பத்திரியில் ராம் சந்திரா என்ற சிற்பி கைத்தொழில் கற்பித்து வந்தார். அதிகம் படிக்காதவர். லாரி டயருக்கு ரப்பர் போடும் பட்டறையைப் பார்த்து, இதே ரப்பரில் பாதம் வார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அந்தச் சிற்பியின் கையும் அந்த டாக்டரின் அறிவும் சேர்ந்து 1968ல் உருவானதுதான் ஜெய்ப்பூர்க் கால். வெறுங்காலோடு வயலில் நடக்கலாம், குந்தி உட்காரலாம். டாக்டர் சேத்திக்கு 1981ல் மகசேசே பரிசு கிடைத்தது. சிற்பியின் கண் இல்லாவிட்டால் அந்தக் கால் இல்லை.

நம் காட்டுக்கும் அது பொருந்தும். டாக்டர் ஆஸ்பத்திரியின் வழவழப்பான தரையில் நம்மை நடக்கச் சொல்லிப் பார்க்கிறார். நாம் நடப்பது விடியுமுன் ஈரம் சொட்டும் மேட்டுக்காட்டில். வாளியைத் தூக்கிக் கொண்டு வாய்க்கால் தாண்டி. செம்பனைக் காட்டில் மட்டையும் முள்ளும் மிதித்து. லயத்துக் கழிப்பறையில் குந்த வேண்டும். கோயிலில் தரையில் உட்கார வேண்டும். தாருச் சாலைக்கு ஏற்ற சக்கர நாற்காலி லயத்துச் செம்மண்ணில் ஓர் அடி நகராது. இதை யார் டாக்டருக்குச் சொல்வது? நாமும், நம்மைப் பயிற்றுகிறவரும்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

நம் நாட்டிலும் ஒரு நல்ல அடி எடுத்து வைத்திருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட், காது சோதிக்கும் நிபுணர் முதலியோரைப் பதிவு செய்யும் சட்டம் 2016ல் நிறைவேறி, 2020ல் அமலுக்கு வந்தது. பதிவு பெற்றவர் யார், பெயர்ப்பலகை மாட்டிக் கொண்டவர் யார் என்று இப்போது பிரித்து அறியலாம். 2014ல் அடுத்த மாநிலமான மலாக்காவில் சொக்சோ தன் சொந்த மறுவாழ்வு மையத்தைத் திறந்தது. துன் அப்துல் ரசாக் பெயரில் உள்ள அந்த மையத்தில் டாக்டரும் பயிற்சியாளரும் சாமான் செய்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். நான் சொன்ன முதல் மூன்று கைகளும் அங்கே ஒன்றாகச் சேருகின்றன. மூவாரிலிருந்து போய் வரக்கூடிய தூரம்தான். அங்கே அனுப்பும்படி கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம்.

இனி, செய்ய வேண்டியது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள்; ஆண்கள் படுத்துவிட்டால் அலைகிறவர்கள் நீங்கள்தான்.

முதலாவது, விபத்து நடந்த அன்றே நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். தோட்டத்தில் மருந்து போட்டவர் யாரானாலும், தேதி, நேரம், இடம், காயம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர் கையெழுத்தால் கால் கிடைக்காது. ஆனால் அவர் எழுதிய வரி இல்லாமல் போனால், அது வேலை விபத்தா என்ற கேள்வியிலேயே வழக்கு முட்டி நிற்கும். டிரஸரின் பேனாவுக்கு உள்ள உண்மையான பலம் அங்கேதான்.

இரண்டாவது, ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறும் முன் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "எனக்கு எந்தச் சாமான் தேவை, எப்போது தேவை, சொக்சோவுக்குச் சிபாரிசு எழுதுவது நீங்களா, வேறு நிபுணரா?" அவர் சொல்லும் பெயரையும் தேதியையும் எழுதிக் கொள்ளுங்கள். "செயற்கைக் கால் தேவை" என்று ஒற்றை வரி எழுதினால் போதாது. எந்தக் கால், எந்த உயரத்தில் எடுக்கப்பட்டது, என்ன வேலை செய்கிறவர், எத்தகைய தரையில் நடக்கிறவர் என்பதையும் எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். பயிற்சியாளரின் அறிக்கையையும் கூடவே இணையுங்கள்.

மூன்றாவது, வீடு தேடி வந்து, "நான் சீட்டு வாங்கித் தருகிறேன், இங்கே கையெழுத்துப் போடு" என்கிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் நல்லவராகவும் இருக்கலாம். இருந்தாலும் காகிதத்தைக் கமிட்டியிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

நான்காவது, கால் வந்துவிட்டது என்று கதை முடிந்துவிடாது. சில ஆண்டுகளில் தேயும், கிண்ணம் தளரும். இனிப்புநீர் உள்ளவர்கள் ஒவ்வோர் இரவும் கிண்ணம் பட்ட இடத்தையும், மிச்சமிருக்கும் மற்றக் காலின் அடியையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவந்திருந்தால் காலைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் செய்த பிழையை உங்கள் வீட்டில் யாரும் செய்ய வேண்டாம்.

ஐந்தாவது, மருத்துவக் குழுவின் முடிவு சரியில்லை என்று தோன்றினால், மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்குப் போக உரிமை உண்டு. அதற்குக் கெடு உண்டு. கடிதத்தை அலமாரியில் வைக்காமல், கிடைத்த அன்றே கமிட்டிக்குக் கொண்டு வாருங்கள்.

கமிட்டித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊன்றுகோல், நடை வண்டி, சாதாரணச் சக்கர நாற்காலி போன்ற சிறு சாமான்களுக்குப் பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்ட் எழுதும் சீட்டே போதும் என்று ஆக்கும்படி நாம் கேட்க வேண்டும். பெரிய சாமானுக்கு நிபுணர் எழுதட்டும். ஆனால் பயிற்சியாளரின் அறிக்கையைப் பார்த்து எழுதட்டும். சிபாரிசு போய்ச் சேர்ந்த பின் இத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு வரையறை இருக்கட்டும். நியாயமான கோரிக்கை இது. யாருடைய பதவியையும் இது பறிக்கவில்லை. ஊன்றுகோலின் அடியில் ஒரு சிறிய ரப்பர்க் குமிழ் இருக்கிறதே, அது தேய்ந்தால் வழுக்கி விழுவோம். அந்தக் குமிழை மாற்றுவதற்கு ஒரு நிபுணரின் தேதிக்காக இரண்டு மாதம் காத்திருப்பது தகுமா? அந்த ரப்பரும் நம்மைப் போன்ற ஒருவர் வெட்டிய பாலில் வந்ததுதானே!

கேள்வி கேட்ட தோழரே, நாளை மறுநாள் நீங்களும் உங்கள் தம்பியும் கமிட்டிச் செயலாளரும் நானும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போவோம். விபத்துப் பதிவு, ஓய்வுச் சீட்டுகள், சம்பளச் சீட்டு, அடையாளக் கார்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். யார் எழுத வேண்டுமோ அவர் முன்னால் போய் உட்காருவோம். இந்த முறை உங்கள் தம்பி இன்னொரு கதவுக்குத் திருப்பி அனுப்பப்படாமல் பார்த்துக் கொள்வோம்.